இரண்டு கதவுப் பெட்டி

எலி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பெற்ற பிள்ளைக்கு யாராவது எலி என்று பெயர் வைப்பார்களா? பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பெரிய ஹோட்டலில் வேலை செய்கிற எல்லோருக்கும் அவள் எலிதான். பெயர் வைத்தவர், இரண்டாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்கிற மாமா.

"சத்தமே இல்லாம வர்ற, சத்தமே இல்லாம போற. எலியே உன்கிட்ட தோத்துடும் போ!" என்றார் ஒருநாள். அதுவே நிலைத்துவிட்டது.

சத்தமில்லாமல் நடப்பது எலிக்கு விளையாட்டு இல்லை. அது ஹோட்டல் சட்டம். அம்மா அங்கே டெலிபோன் ஆபரேட்டர். துணி வெளுக்கிற கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடலில்தான் இருப்பார்.

"இங்க வேலை செய்யறவங்க பிள்ளைங்க முன்பக்கம் வரக்கூடாது. விருந்தாளிங்க கண்ணுல படக்கூடாது. சத்தம் கேக்கக்கூடாது" என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். மூச்சு விடலாமா என்று எலி கேட்க நினைத்தாள். அம்மா கையைக் கிள்ளியதால் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்திலும் அவளுக்குச் சிநேகிதி என்று யாரும் இல்லை.

"அவ்வளவு பெரிய ஹோட்டல்லயா இருக்க? அப்ப லிஃப்ட்ல போவியா?"

"இல்ல."

"நீச்சல் குளத்துல குளிப்பியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பெரிய ஹோட்டல்! சும்மா அளக்கறா" என்று சொல்லிவிட்டு அவர்கள் விளையாடப் போய்விடுவார்கள்.

தினமும் மாலை நான்கு மணிக்கு ஹோட்டலின் பழைய கதையைச் சொல்லி விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுவார் ஒருவர். எல்லோரும் அவரைச் சரித்திரக்காரர் என்பார்கள். நடனக் கூடத்து மரச் சுவரில் வெளியே தெரியாத ஒரு கதவு உண்டு. அதன் பின்னால் நின்று எலி அந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"இந்த மாளிகையைக் கட்டினவர் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் வியாபாரி. தேக்கு ஒரு கப்பல்ல வந்துது, சலவைக்கல்லு ஒரு கப்பல்ல வந்துது, இதோ இந்தச் சரவிளக்கு ஒரு கப்பல்ல வந்துது." இங்கே அவர் ஒருமுறை இருமுவார். "விளக்கு வந்த கப்பல் புயல்ல மாட்டிக்கிச்சு. ஆனா ஒரு கண்ணாடி கூட உடையல!"

"ஆஆ!" என்பார்கள் விருந்தாளிகள். அவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே எலி சத்தமில்லாமல் 'ஆஆ' என்று வாயைத் திறந்துவிடுவாள்.

"இங்கதான் கவர்னரும் அவர் சீமாட்டியும் விடிய விடிய நடனம் ஆடினாங்க. இந்த நாற்காலியிலதான் ஒரு இளவரசி உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டாங்க. அப்பல்லாம் நம்ம ஜனங்க முன்வாசல் வழியா உள்ள வரவே முடியாது. நாடு விடுதலையான பிறகுதான் அந்தக் கதவு நமக்குத் திறந்துச்சு."

'எனக்கு இன்னும் திறக்கலையே' என்று எலி நினைத்துக்கொள்வாள்.

சரித்திரக்காரர் சொல்லாத கதை ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்துத் துரைகளுக்கு வெந்நீர் வேண்டும், வெளுத்த துணி வேண்டும், பளபளக்கும் ஷூ வேண்டும். ஆனால் அதையெல்லாம் செய்கிற ஆட்களைப் பார்க்க மட்டும் வேண்டாம். அதனால் கட்டியவர் ஹோட்டலுக்குள் இன்னொரு ஹோட்டலையும் கட்டிவிட்டார். சுவருக்குப் பின்னால் குறுகலான படிக்கட்டுகள். அறைகளுக்குப் பின்னால் ஓர் ஆள் மட்டுமே போகக்கூடிய நடைவழி. எலி அறிந்த ஹோட்டல் அதுதான். சரவிளக்கு இல்லாத, நாற்காலி இல்லாத, யாரும் 'ஆஆ' சொல்லாத ஹோட்டல்.

போன வருஷம் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பந்தைத் தேடித் துணி வெளுக்கும் இடத்துக்கு வந்த ஒரு விருந்தாளிப் பெண். சுருட்டை முடிக்காரி. விடுமுறை முழுக்க இருவரும் காயும் போர்வைகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடினார்கள். "நாளைக்கும் வர்றேன்!" என்று ஒரு மாலை கையசைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அவள் அறையில் வேறு யாரோ இருந்தார்கள். எலி அன்று முழுக்கப் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

இனிமேல் விருந்தாளிகளோடு சிநேகமே கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அந்த முடிவு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'மணி என்ன?' என்று கேட்கிற பையன் வரும்வரை.

"மணி நாலே கால், தம்பி" என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எலி பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அறையில் இருப்பவர்கள் ஒன்பதைச் சுழற்றினால் அம்மாவின் போர்டில் அந்த அறையின் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் அதே விளக்கு மறுபடி எரிந்தது.

"இப்பத்தானே கேட்ட? நாலு இருபது!" அம்மா போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இந்தப் பையன் என் உயிரை எடுக்கறான். ரூம்லயே சுவர்க் கடிகாரம் இருக்கு. நிமிர்ந்து பார்த்தா கழுத்து சுளுக்கிக்குமா?"

"அவன் மணி தெரியணும்னு கேக்கலம்மா" என்றாள் எலி.

"பின்ன?"

"யாராவது பேசணும்னு கேக்கறான்."

அம்மா காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரியில இருக்காரு. அங்க குழந்தைங்களை விட மாட்டாங்களாம். அவங்க கம்பெனிதான் இங்க ரூம் எடுத்துக் குடுத்திருக்கு. அந்தம்மா காலையில சாப்பாடெல்லாம் வாங்கி வெச்சிட்டுப் போனா இருட்டறப்பதான் வராங்க. அதுவரைக்கும் யாருக்கும் கதவைத் திறக்காதேன்னு சொல்லியிருக்காங்க."

எலி பென்சில் சீவுவதை நிறுத்தினாள்.

"நீ அங்க போய்த் தொலைச்சிடாத" என்றார் அம்மா. மகளை அவருக்கு நன்றாகத் தெரியும். "மேனேஜர் பார்த்தா வேலையும் போயிடும், வீடும் போயிடும். புரியுதா?"

"புரியுதும்மா."

மறுநாள் எலி இரண்டாம் மாடி நடைவழியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அது அவள் வழக்கமாக உட்காரும் இடம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பையனின் குரல் கேட்டது. அவனே ஒரு கேள்வி கேட்டான், அவனே பதில் சொன்னான், அவனே சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

எலிக்கு எழுத ஓடவில்லை. தனக்குத் தானே பேசிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அவள் தலைக்கு நேரே சுவரில் ஷூ பெட்டி இருந்தது. அந்தக் காலத்தில் விருந்தாளிகள் அறைக்குள்ளிருந்தே அழுக்கு ஷூவை அந்தப் பெட்டிக்குள் வைப்பார்கள். வேலைக்காரர் நடைவழிப் பக்கமிருந்து எடுத்து, பாலிஷ் போட்டுத் திரும்ப வைப்பார். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கதவு. இதில் ஒரு பொல்லாத ஏற்பாடு உண்டு. ஒரு பக்கக் கதவு திறந்திருந்தால் மறுபக்கக் கதவு திறக்காது. துரை வேலைக்காரரைப் பார்த்துவிடக் கூடாதாம்!

எலி யோசித்தாள். அவள் விருந்தாளி கண்ணில் படக்கூடாது. அவன் யாருக்கும் அறைக் கதவைத் திறக்கக்கூடாது. இந்தப் பெட்டி இரண்டு சட்டத்தையும் காப்பாற்றும்.

ஒரு தாளில் வரிசையாகப் புள்ளிகள் வைத்தாள். இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு போட்டாள். 'உன் முறை' என்று எழுதி, பெட்டிக்குள் வைத்து மூடினாள். மரத்தில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு.

அறைக்குள் பேச்சு நின்றது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். காகிதம் சரசரத்தது. மறுபடி 'டக்'. இரண்டு தட்டு, ஒரு தட்டு.

எலி திறந்தாள். தாளில் இன்னொரு கோடு இருந்தது.

"யாரு?" என்றது பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"எலி."

"பொய். எலிக்கு எழுதத் தெரியாது."

"நான் படிச்ச எலி."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இந்தத் தடவை அது பாதியில் நிற்கவில்லை.

"உன் பேரு?" என்று எலி கேட்டாள்.

"எலிகிட்டல்லாம் பேரு சொல்ல மாட்டேன்."

"சரி, அப்ப நீ கடிகாரம். சும்மா சும்மா மணி கேக்கறதால."

அதற்குப் பிறகு தினமும் விளையாட்டுதான். அவன் சாமர்த்தியக்காரன், ஒரு முறைக்கு இரண்டு கோடு போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல இருப்பான். "கடிகாரம், ஏமாத்தாத!" என்று அவள் பலகையைத் தட்டுவாள். அவள் பிஸ்கட் அனுப்பினால், அவன் பாதியைக் கடித்துவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புவான். முகம் மட்டும் இருவரும் பார்த்ததில்லை. அவள் திறந்தால் அவன் பக்கம் மூடியிருக்கும். அவன் திறந்தால் அவள் பக்கம் மூடியிருக்கும்.

"அந்தப் பையன் இப்பல்லாம் கூப்பிடறதே இல்ல" என்றார் அம்மா. "ஒரு வழியா கடிகாரம் பார்க்கக் கத்துக்கிட்டான் போல."

எலி தலையைக் குனிந்து வீட்டுப்பாடத்தை மிகவும் அக்கறையாக எழுதினாள்.

ஒருநாள் பெட்டி வழியாக எந்தத் தாளும் வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எலி, நாளைக்கு அப்பாவுக்கு ஆபரேஷன்."

எலி பலகையில் காதை வைத்தாள்.

"முடிஞ்சதும் அம்மா போன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. நீ வருவியா?"

"பள்ளிக்கூடம் விட்டதும் வந்துடறேன்."

"கண்டிப்பா?"

போர்வைகளுக்கு நடுவில் கையசைத்த சுருட்டை முடிக்காரி நினைவுக்கு வந்தாள்.

"கண்டிப்பா" என்றாள் எலி.

மறுநாள் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அந்தப் பையனோட அம்மா ஒரு மணி நேரமா ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டுட்டே இருக்காங்க. ரூம் லைன் எங்கேஜாவே இருக்கு. மாமா போய்த் தட்டிப் பார்த்தாரு, பதிலே இல்ல. உள்பக்கம் சங்கிலி போட்டிருக்கு. மேனேஜர் கதவை உடைக்கத் தச்சரைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரு."

"அவன் அப்பாவுக்கு என்னாச்சாம்மா?"

"தெரியலடி. என் பிள்ளைகிட்ட நானேதான் சொல்லணும்னு அழறாங்க. நல்ல சேதியா, கெட்ட சேதியான்னு புரியல."

எலி ஓடினாள். அந்தக் குறுகலான மரப்படிகளில் தடதடவென்று, ஹோட்டலே அதிரும்படி ஓடினாள்.

ஷூ பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

"கடிகாரம்! கடிகாரம், உள்ள இருக்கியா?"

"எலி!" குரல் அழுது கரகரத்திருந்தது. "ஏன் திறக்க மாட்டேங்கற? நீ வந்தா உடனே தெரியணும்னு நான் எப்பலேர்ந்தோ திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன்!"

"நீ திறந்து வெச்சிருக்கறதாலதான் என்னால திறக்க முடியல! போன் என்னாச்சு? ஏன் எடுக்கல?"

"போன் என் கையிலதான் இருக்கு. வயரை இழுத்துப் பெட்டிகிட்ட கொண்டு வந்துட்டேன். மதியத்துலேர்ந்து காதுலயே வெச்சிருக்கேன். அம்மா பேசவே மாட்டேங்கறாங்க. அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சு எலி..."

எலிக்குச் சட்டென்று புரிந்தது.

"உங்க வீட்டுல போன் இருக்கா?"

"இல்ல."

"இங்க உனக்கு யாராவது போன் பண்ணியிருக்காங்களா?"

"இல்ல. நான்தான் பண்ணுவேன்."

"போனைக் கீழ வை. அது இருந்த இடத்துலயே வை!"

"மாட்டேன்! வெச்சா அம்மா பேசறது கேக்காது."

ஆபரேட்டர் மகளுக்கு இதை விளக்கவா தெரியாது? ஆனால் அழுகிறவனிடம் விளக்கம் எல்லாம் எடுபடுமா? எலி கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, போனை விடு. முதல்ல பெட்டிக் கதவை மூடு."

"மூடினா நீ போயிடுவ."

"போக மாட்டேன். மூடித்தான் பாரேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு மெதுவாக, மனமே இல்லாமல், 'டக்'.

எலி தன் பக்கத்தைத் திறந்தாள். உள்ளே வைக்கத் தாளும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. குனிந்து தன் பள்ளிக்கூட ஷூ ஒன்றைக் கழற்றி உள்ளே வைத்து மூடினாள். இரண்டு தட்டு, ஒரு தட்டு.

'டக்' என்று திறக்கும் சத்தம் கேட்டது.

"இது என்ன, ஷூ?"

"என்னோடது. ஒத்தக் கால் ஷூவோட நான் எங்க போவேன்? இங்கதான் இருப்பேன். பார்த்தியா, நீ மூடினப்பதான் என்னால திறக்க முடிஞ்சுது. போனும் இப்படித்தான் கடிகாரம். நீ மூடினாத்தான் அம்மாவால அந்தப் பக்கம் திறக்க முடியும். வை!"

காலடிச் சத்தம் விலகிப் போனது. போன் வைக்கப்படும் சத்தம் மிக மெதுவாகக் கேட்டது.

"யார் அது நடைவழியில தடதடன்னு ஓடினது?" எலிக்குப் பின்னால் ஒரு குரல்.

மேனேஜர்! கூடவே சுத்தியலோடு தச்சர். அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி மாமா. மேனேஜர் எலியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். காலில் அவர் பார்வை நின்றது.

"உன்னோட இன்னொரு ஷூ எங்க?"

"உள்ள இருக்கு சார். பாலிஷுக்குப் போட்டிருக்கேன்."

மாமா இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். மேனேஜர் திட்டுவதற்காக வாயைத் திறந்தார்.

அப்போது உள்ளே போன் மணி அடித்தது.

யாரும் அசையவில்லை. மேனேஜர் திறந்த வாயை மூட மறந்து நின்றார்.

"அம்மா? அம்மா! ... கண்ணு முழிச்சிட்டாரா? ... என்னைக் கேட்டாரா? என்ன கேட்டாரு? ... நான் அழல. எலி இங்கயே இருக்கா. இல்லம்மா, நிஜ எலி இல்ல!"

தச்சர் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எலி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நேரம் அழாதவளுக்கு இப்போது அழுகை வந்தது.

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "ஓடினா விழுந்துடுவ. இங்க வெளிச்சம் பத்தாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அந்த நடைவழியில் புது விளக்கு ஒன்று எரிந்தது.

ஷூ திரும்பி வந்தபோது முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. கடிகாரம் ஹோட்டலின் வெள்ளைத் துண்டால் அதைத் துடைத்திருந்தான். துண்டு என்ன ஆனது என்று மாமாவைத்தான் கேட்க வேண்டும்.

அவன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முதல் நாள், அவன் அம்மா மேனேஜரிடம் ஒன்று கேட்டார். "நாலு மணிக்குச் சுத்திக் காட்டறாங்களே, அதுக்கு எலியும் எங்க விருந்தாளியா வரணும்." விருந்தாளி கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. அதுவும் ஹோட்டல் சட்டம்தானே!

எலி முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். வாசல்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு கண்ணைச் சிமிட்டினார். சரவிளக்கின் கீழே ஒரு பையன் நின்றிருந்தான். மெலிந்தவன், காது கொஞ்சம் பெரியது.

இருவருக்கும் பேச்சே வரவில்லை. நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லையே!

கடைசியில் அவன் பக்கத்திலிருந்த மரத்தூணில் தட்டினான். இரண்டு தட்டு, ஒரு தட்டு.

"நீ எலி மாதிரியே இல்லையே" என்றான்.

"நீ மட்டும் கடிகாரம் மாதிரியா இருக்க?"

அன்றைக்கு "இதோ இந்தச் சரவிளக்கு" என்று சரித்திரக்காரர் ஆரம்பித்ததுமே இரண்டு பேர் "ஆஆ!" என்று கத்திவிட்டார்கள். அவர் இரும மறந்துபோனார். இரண்டாம் மாடிக்கு வந்ததும் கடிகாரம் தன் அறையைத் திறந்து, பெட்டியை எல்லோருக்கும் காட்டினான். அது எப்படி வேலை செய்யும் என்று எலி சொன்னாள். விருந்தாளிகள் மாற்றி மாற்றித் திறந்து மூடிப் பார்த்தார்கள். சரவிளக்கை இரண்டாம் முறை பார்க்க யாரும் போகவில்லை.

அதற்கடுத்த நாள் அவர்கள் ஊருக்குப் போனார்கள். எலி அப்போது பள்ளியில் இருந்தாள். திரும்பி வந்து பின்படிகளில் ஏறினாள். புது விளக்கு எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தாலும் வலிக்கத்தான் செய்தது.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே புள்ளி வைத்த பெரிய தாள் ஒன்று இருந்தது. ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு முகவரி. அதன் கீழே, 'உன் முறை. தபால்ல அனுப்பு. ஏமாத்தாத.'

எலி அங்கேயே உட்கார்ந்து நிதானமாக ஒரு கோடு போட்டாள். அம்மாவிடம் தபால் தலை கேட்க வேண்டும்.

எழுந்து கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள். ஷூ பெட்டியின் கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்த அறைக்கு இன்றைக்குச் சாயங்காலமே யாராவது வரலாம். இந்தப் பக்கம் திறந்திருந்தால் அவர்களால் அந்தப் பக்கம் திறக்க முடியாதே! எலி தன் பக்கக் கதவை நன்றாக அழுத்தி மூடிவிட்டுப் போனாள்.